பேரிடருக்குப் பின் கைக்குச் சேரும் பணம்: பட்டியலில் இருப்போரும் இல்லாதோரும்

புயலோ வெள்ளமோ நிலநடுக்கமோ ஒரு பகுதியைப் புரட்டிப்போட்ட மறுநாளே அங்குள்ள குடும்பங்களுக்குப் பணம் தேவைப்படுகிறது. காயம்பட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், பிய்ந்துபோன கூரைக்கு மேல் விரிக்கத் தார்ப்பாய் வாங்க வேண்டும், குழந்தைகளோடு ஊரைவிட்டு வெளியேறி உறவினர் வீட்டைச் சென்றடைய வேண்டும். ஒவ்வொரு குடும்பத்தின் தேவையும் வேறு என்பதால், வெளியிலிருந்து வந்து இறங்கும் ஒரே மாதிரியான நிவாரணப் பொட்டலம் அவற்றில் ஒன்றிரண்டைத்தான் தீர்க்கிறது. கடைகளில் சரக்கு இருக்கும் இடங்களில் பொருளைவிடப் பணமே அதிகம் பயன்படுகிறது என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. 2016 மே மாதம் இஸ்தான்புல்லில் நடந்த உலக மனிதநேய உச்சிமாநாட்டில், நன்கொடை நாடுகளும் உதவி நிறுவனங்களும் பண உதவியின் பங்கை உயர்த்துவதாகச் சேர்ந்தே உறுதியளித்தன.

பணம் கொடுப்பது என்று முடிவெடுப்பது எளிது. யாருக்கு, எவ்வளவு, எந்த வழியாக, எத்தனை நாளுக்குள் என்ற கேள்விகளுக்கு அந்த நேரத்தில் விடை தேடத் தொடங்கினால் வாரங்கள் ஓடிவிடும். சேதத்தைக் கணக்கெடுக்க ஊழியர்கள் வீடு வீடாகப் போக வேண்டும். விண்ணப்பங்களைச் சரிபார்க்க வேண்டும். ஒரே குடும்பம் இரண்டு இடங்களில் பதிவாகியிருந்தால் நீக்க வேண்டும். வங்கிக் கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் தவறினாலும் பணம் திரும்பி வந்துவிடும். அந்தக் கணக்கெடுப்பை நடத்த வேண்டிய ஊழியரின் வீட்டிலும் தண்ணீர் புகுந்திருக்கக்கூடும். இதற்குள் அந்தக் குடும்பம் ஆட்டையோ மாட்டையோ பாதி விலைக்கு விற்றிருக்கும், கந்துவட்டிக்குக் கடன் வாங்கியிருக்கும், மூத்த பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வேலைக்கு அனுப்பியிருக்கும். இரண்டு மாதம் கழித்து வரும் தொகை இந்த முடிவுகளில் எதையும் திரும்பப் பெற்றுத் தராது.

ஆகவே, புதிதாக ஒன்றைக் கட்டுவதற்குப் பதிலாக, ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருக்கும் சமூகப் பாதுகாப்புத் திட்டங்களின் வழியாகவே நிவாரணப் பணத்தை அனுப்பினால் என்ன என்ற எண்ணம் எழுந்தது. முதியோர் உதவித்தொகை, வறிய குடும்பங்களுக்கான மாதாந்திர உதவி, குழந்தைகளுக்கான உதவி, மாற்றுத்திறனாளி உதவி என ஏதோ ஒரு திட்டம் பெரும்பாலான நாடுகளில் நடக்கிறது. அதற்கென்று பயனாளிகளின் பட்டியல் இருக்கிறது; பணம் போய்ச் சேரும் வங்கிக் கணக்கோ அஞ்சலகமோ கைப்பேசிப் பணச் சேவையோ இருக்கிறது; விதிகளும், அவற்றைத் தெரிந்த ஊழியர்களும் இருக்கிறார்கள். அந்தக் கட்டமைப்பைச் சில மாதங்களுக்குப் பெரிதாக்கலாம்.

பெரிதாக்கும் வழிகளை ஆய்வாளர்கள் இரண்டு திசைகளாகப் பிரிக்கிறார்கள். ஏற்கெனவே உதவி பெறுவோருக்கே கூடுதல் தொகை கொடுப்பது செங்குத்து விரிவாக்கம். இதுவரை திட்டத்தில் இல்லாதவர்களைத் தற்காலிகமாகச் சேர்ப்பது கிடைமட்ட விரிவாக்கம். இவை தவிர, திட்டத்தின் பட்டியலையோ பணம் செலுத்தும் வழியையோ மட்டும் இரவல் பெற்று வேறொரு நிவாரணத்தை நடத்துவதும் உண்டு. இந்தப் பிரிவுகளை மனப்பாடம் செய்வதில் பயன் அதிகமில்லை. ஆனால் முதல் வழி எவ்வளவு எளிதோ, இரண்டாவது அவ்வளவு கடினம் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தத் துறையின் வெற்றிகளில் பெரும்பாலானவை முதல் வழியில் கிடைத்தவை. தோல்விகளில் பெரும்பாலானவை இரண்டாவதைத் தள்ளிப்போட்டதால் வந்தவை.

ஃபிஜி: ஒரு மாதத்துக்குள் கிடைத்த தொகை

2016 பிப்ரவரி 20 அன்று வின்ஸ்டன் புயல், புயல் அளவுகோலின் உச்சமான ஐந்தாம் வகைத் தீவிரத்துடன் ஃபிஜித் தீவுகளைத் தாக்கியது. 44 பேர் இறந்தனர். பல்லாயிரக்கணக்கான வீடுகள் சிதைந்தன. ஃபிஜி அரசு அப்போது வறுமை உதவித் திட்டம், குழந்தைப் பராமரிப்பு உதவித் திட்டம், சமூக ஓய்வூதியத் திட்டம் ஆகியவற்றை நடத்திவந்தது. இந்த மூன்றிலும் இருந்த 40,000-க்கும் மேற்பட்ட பயனாளிகளுக்கு, வழக்கமான மாதத் தொகைக்கு மேல் ஒரே தவணையாகக் கூடுதல் தொகையைச் செலுத்த அரசு முடிவுசெய்தது. வறுமை உதவி பெற்ற குடும்பங்களுக்கு 600 ஃபிஜி டாலரும் மற்ற இரு திட்டங்களில் இருந்தோருக்கு 300 ஃபிஜி டாலரும் அவர்கள் மாதந்தோறும் பணம் பெறும் அதே வழியில் சென்றன. மொத்தச் செலவு சுமார் 2 கோடி ஃபிஜி டாலர். புயல் அடித்து ஏறத்தாழ ஒரு மாதத்துக்குள் பணம் மக்கள் கையில் இருந்தது.

இதில் கவனிக்க வேண்டிய முடிவு ஒன்று உண்டு. புயல் கடுமையாகத் தாக்கிய பகுதிகளில் இருந்தவர்களுக்கு மட்டும் என்று பிரிக்காமல், நாடு முழுவதும் திட்டத்தில் இருந்த அனைவருக்கும் அரசு கூடுதல் தொகையைக் கொடுத்தது. சேதமே இல்லாத வீட்டுக்கும் பணம் போனது என்று இதைக் குறை சொல்ல முடியும். ஆனால் யார் வீடு இடிந்தது, யார் வீடு தப்பியது என்று தீவு தீவாகச் சரிபார்க்கத் தொடங்கியிருந்தால் இந்த வேகம் கிடைத்திருக்காது. பட்டியலில் இருந்தவர்களில் பெரும்பாலோர் வறியவர்களோ ஆதரவு தேவைப்பட்டவர்களோதான். அவர்களில் சிலருக்கு அந்த மாதம் சற்று அதிகமாகக் கிடைத்ததால் பொதுப்பணம் வீணாகிவிடவில்லை. துல்லியமா வேகமா என்ற தேர்வில், முதல் சில வாரங்களுக்காவது வேகத்தின் பக்கம் நின்றது சரி என்றே நான் கருதுகிறேன். பிறகு ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் என்னும் அமைப்பு பாதிக்கப்பட்ட பகுதிகளை மட்டும் எடுத்துக்கொண்டு அதே திட்டங்களின் வழியாக மேலும் உதவியது. அவசரத்துக்கு அகலமாகவும், அடுத்த கட்டத்தில் குறிவைத்தும் கொடுப்பது என்ற இந்த வரிசை வேறு நாடுகளுக்கும் பொருந்தும்.

உலக வங்கி ஆய்வாளர்கள் பிறகு இதன் பயனை மதிப்பிட்டார்கள். வறுமை மதிப்பெண்ணில் தகுதிக் கோட்டுக்குச் சற்றுக் கீழே இருந்ததால் உதவி பெற்ற குடும்பங்களையும், சற்று மேலே இருந்ததால் பெறாத குடும்பங்களையும் ஒப்பிட்டார்கள். மற்ற எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒரே நிலையில் இருந்த இந்த இரு தரப்பில், பணம் பெற்றவர்களே புயலின் பாதிப்பிலிருந்து அதிகம் மீண்டிருந்தார்கள். திட்டத்துக்கு இது நற்சான்றுதான். அதே ஒப்பீட்டை மறுபக்கத்திலிருந்து பார்த்தால், கோட்டுக்குச் சற்று மேலே இருந்த குடும்பம் அதே ஏழ்மையில், அதே புயலில், இந்தத் தொகை இல்லாமல் விடப்பட்டது என்பதும் புலப்படும். வேலை பார்த்துச் சேமிப்பு வைத்திருந்தவர்களுக்குத் தேசிய வருங்கால வைப்பு நிதியிலிருந்து முன்கூட்டியே பணம் எடுக்க அனுமதி கிடைத்தது. உதவித் திட்டமும் இல்லாமல், வைப்பு நிதியும் இல்லாமல் நடுவில் இருந்தவர்களுக்கு இந்த இரண்டு வழிகளுமே இல்லை.

பட்டியலுக்கு வெளியே நிற்பவர்கள்

2013 நவம்பர் 8 அன்று ஹையான் புயல் பிலிப்பைன்ஸைத் தாக்கி 6,000-க்கும் அதிகமானோரைக் கொன்றபோது, அந்நாட்டில் 2008 முதல் இயங்கிவந்த பந்தாவித் என்னும் குடும்ப உதவித் திட்டம் கைகொடுத்தது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும், மருத்துவப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்ற நிபந்தனைகளோடு பணம் தரும் திட்டம் அது. பள்ளிகளும் சுகாதார நிலையங்களும் இடிந்து கிடந்த மாவட்டங்களில் அந்த நிபந்தனைகளை அரசு சில மாதங்களுக்கு நிறுத்திவைத்தது. இப்படி ஒரு விதித் தளர்வைச் செய்யாவிட்டால், பேரிடரே மக்களைத் திட்டத்திலிருந்து வெளியேற்றிவிடும். உலக உணவுத் திட்டமும் ஐ.நா.வின் குழந்தைகள் நிதியமான யுனிசெஃபும் இதே திட்டத்தின் வழியாகக் கூடுதல் தொகையைக் கொடுத்தன. உலக உணவுத் திட்டத்தின் தொகை மட்டும் 1 லட்சத்துக்கும் அதிகமான குடும்பங்களை எட்டியது. திட்டத்தில் இல்லாத ஏழைகளுக்கோ இந்த வழி மூடியே இருந்தது; அவர்களை எட்டுவதற்குத் தனியாகக் கணக்கெடுக்க வேண்டியிருந்தது.

நேபாளத்தில் இந்தச் சிக்கல் வேறு வடிவில் வந்தது. 2015 ஏப்ரல் நிலநடுக்கத்துக்குப் பின் யுனிசெஃப் அமைப்பு, அரசின் சமூக உதவித் திட்டங்களில் இருந்த முதியோர், கைம்பெண்கள், மாற்றுத்திறனாளிகள், தலித் குடும்பங்களின் சிறு குழந்தைகள் உள்ளிட்டோருக்கு ஒரு முறை 3,000 நேபாள ரூபாய் வழங்கியது. அங்கே பட்டியல் ஏழ்மையை வைத்துத் தயாரானதன்று. வயதையும் உடல்நிலையையும் சமூகப் பிரிவையும் வைத்துத் தயாரானது. ஆகவே ஒரே வரிசையில் இரண்டு வீடுகள் இடிந்து கிடந்தால், பாட்டி இருந்த வீட்டுக்குத் தொகை கிடைத்தது, இளம் தம்பதி கைக்குழந்தையோடு இருந்த பக்கத்து வீட்டுக்குக் கிடைக்காமல் போகக்கூடும். அடுத்த கட்டத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை மையமாக வைத்து இந்த இடைவெளியின் ஒரு பகுதியைச் சரிசெய்ய முயன்றார்கள்.

பட்டியல்கள் எந்த அடிப்படையில் தயாரானாலும் அவை ஒரு குறிப்பிட்ட நாளின் நிலவரத்தைச் சொல்பவை. பல நாடுகளில் வீட்டின் சுவர் எதனால் ஆனது, எத்தனை அறைகள், வண்டி உண்டா, குடும்பத்தில் எத்தனை பேர் என்று கேட்டு மதிப்பெண் போட்டு வறுமையைக் கணிக்கிறார்கள். வெள்ளத்தில் சுவரும் வண்டியும் போன பிறகும் பதிவேட்டில் அவை அப்படியே இருக்கும். நேற்றுவரை தன் காலில் நின்ற ஒரு குடும்பத்தை ஒரே இரவில் வறியவராக்குவதுதான் பேரிடரின் இயல்பு. ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை கணக்கெடுத்து அத்துடன் மூடிவைக்கப்படும் பதிவேட்டுக்கு இந்த மாற்றம் தெரிய வாய்ப்பே இல்லை.

பாகிஸ்தானின் அனுபவத்தில் இந்தப் பிரச்சினையின் இரு பக்கங்களும் தெரிகின்றன. 2010 வெள்ளத்தின்போது அங்கே வறிய குடும்பங்களின் தேசியப் பதிவேடு முழுமையடையவில்லை. எனவே வெள்ளம் பாதித்த ஊர்களை அடையாளம் கண்டு, தேசிய அடையாள அட்டைத் தரவுகளின் துணையோடு வத்தன் அட்டை என்ற பெயரில் வங்கி அட்டைகளை வழங்கி, முதற்கட்டமாகக் குடும்பத்துக்கு 20,000 ரூபாய் கொடுத்தார்கள். அடையாள அட்டை இல்லாதவர்களும், குடும்பத் தலைவராகப் பதிவாகாத பெண்களும் இதில் பெரும் சிரமப்பட்டார்கள். 2022-இல் மீண்டும் பெருவெள்ளம் வந்து 3.3 கோடிப் பேரைப் பாதித்தபோது, பெனசீர் வருமான ஆதரவுத் திட்டத்தின் பதிவேடு தயாராக இருந்தது. அதைக் கொண்டு 25 லட்சத்துக்கும் அதிகமான குடும்பங்களுக்குத் தலா 25,000 ரூபாய் விரைவாக அனுப்ப முடிந்தது. முன்னதில் இடத்தை வைத்துத் தேர்ந்தார்கள், பின்னதில் பெரும்பாலும் பதிவேட்டை வைத்து. முதல் முறை அகலமானது, தாமதமானது. இரண்டாவது விரைவானது, ஆனால் பதிவேட்டின் தகுதிக் கோட்டுக்கு மேலே இருந்து எல்லாம் இழந்தவருக்கு அந்த வழி மூடியிருந்தது.

பழைய பட்டியலுக்கு எவ்வளவு மதிப்பு இருக்கிறது, அதே அளவு குறையும் இருக்கிறது என்பதற்கு ஏமனைவிடத் தெளிவான சான்று இல்லை. அங்கே போரின் காரணமாக அரசின் சமூக நல நிதி 2015-இல் பணம் கொடுப்பதை நிறுத்திவிட்டது. 2017-இல் உலக வங்கியின் நிதியோடு யுனிசெஃப் அந்த நிதியத்தின் போருக்கு முந்தைய பட்டியலை எடுத்து, அதில் இருந்த சுமார் 15 லட்சம் குடும்பங்களுக்கு, அதாவது ஏறத்தாழ 90 லட்சம் பேருக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியது. புதிய கணக்கெடுப்பு நடத்தினால் அதை எந்தத் தரப்பு கட்டுப்படுத்துவது என்ற சண்டையே உதவியை முடக்கியிருக்கும். பழைய பட்டியல் இருந்ததால் அந்தச் சண்டை தவிர்க்கப்பட்டது. ஆனால் போரால் புதிதாக வறியவரானவர்களின் பெயர் அதில் இல்லை.

கென்யா இதற்கு ஒரு விடையை முன்வைத்தது. வடக்கிலுள்ள துர்க்கானா, மர்சாபிட், மண்டேரா, வஜீர் ஆகிய வறண்ட மாவட்டங்களில் நடக்கும் பசி ஒழிப்புப் பாதுகாப்புத் திட்டம், மாதாந்திர உதவிக்குத் தகுதியான சுமார் 1 லட்சம் குடும்பங்களை மட்டும் பதிவு செய்யவில்லை. அங்கே வாழும் ஏறத்தாழ எல்லாக் குடும்பங்களையும், அதாவது 3.7 லட்சம் குடும்பங்களை, பதிவுசெய்து வங்கிக் கணக்குகளையும் தொடங்க முற்பட்டது. செயற்கைக்கோள் படங்களிலிருந்து கணக்கிடப்படும் பசுமைக் குறியீடு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே சரிந்தால், வழக்கமான பயனாளிகளுக்கு அப்பால் உள்ள குடும்பங்களுக்கும் வறட்சி உதவி போகும். கடும் வறட்சி என்றால் அந்தப் பகுதிக் குடும்பங்களில் பாதிப் பேர் வரையிலும், மிகக் கடும் வறட்சி என்றால் முக்கால்வாசிப் பேர் வரையிலும் பயனடைவர். யாரும் மனுக் கொடுக்க வேண்டியதில்லை. வறட்சி வந்துவிட்டதா இல்லையா என்று எவரும் விவாதித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது செயற்கைக்கோள் அன்று. உதவி பெறாத நாளிலேயே ஒரு குடும்பத்தைப் பதிவு செய்துவைப்பது என்ற முடிவுதான். "உங்களுக்கு இப்போது பணம் கிடையாது, ஆனால் ஒரு நாள் தேவைப்படலாம், அதற்காக உங்கள் விவரங்களை எடுத்துக்கொள்கிறோம்" என்று சொல்லி ஓர் அரசு பதிவுசெய்வது அரசியல் ரீதியாகக் கடினம். பெயர் எழுதிப் போனவர்கள் பணம் வரும் என்று காத்திருப்பார்கள்; வராவிட்டால் கோபப்படுவார்கள். அந்தச் சங்கடத்தை ஏற்று, விதியைத் தெளிவாக எடுத்துச் சொல்லிப் பதிவுசெய்தால்தான் கிடைமட்ட விரிவாக்கம் பேரிடர் நாளில் நடைமுறைக்கு வரும். அதனுடன், பட்டியலில் விடுபட்டவர் நேரில் வந்தோ தொலைபேசியிலோ பெயர் சேர்க்கக்கூடிய ஒரு வாசல் எப்போதும் திறந்திருக்க வேண்டும். குறைதீர்ப்பு எண் என்று ஒன்றை அறிவித்துவிட்டு, அதை எடுக்க ஆள் போடாமல் விடுவது இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் தவறு.

டோகோ நாட்டில் 2020 ஏப்ரலில் கொரோனாக் கட்டுப்பாடுகளின்போது தொடங்கிய நோவிசி திட்டம் வேறு பாதையில் சென்றது. பயன்படுத்தத்தக்க வறுமைப் பதிவேடு அங்கே இல்லாததால், அண்மையில் புதுப்பிக்கப்பட்டிருந்த வாக்காளர் பட்டியலில் இருந்த தொழில் விவரத்தை வைத்து முறைசாராத் தொழிலாளர்களை அடையாளம் கண்டு, கைப்பேசிப் பணமாக உதவியை அனுப்பினார்கள். பிறகு, கைப்பேசிப் பயன்பாட்டுத் தரவுகளையும் செயற்கைக்கோள் படங்களையும் கொண்டு மிக ஏழைப் பகுதிகளில் உள்ளவர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையும் சேர்க்கப்பட்டது. சில நாட்களில் பணத்தை அனுப்ப முடிந்தது உண்மையிலேயே பெரிய சாதனை. கைப்பேசியே இல்லாதவரை மட்டும் எந்தக் கணிப்பொறிக் கணக்கும் கண்டுபிடிக்காது.

வெள்ளம் வருமுன், பணம் வருமுன்

வெள்ளத்தை முன்கூட்டியே கணிக்க முடியுமானால், பணத்தையும் முன்கூட்டியே கொடுக்கலாம். 2020 ஜூலையில் வங்காளதேசத்தின் ஜமுனா ஆற்றில் வெள்ளம் வரப்போவதாக முன்னறிவிப்பு எச்சரித்தபோது, ஐ.நா. அவசர நிதியிலிருந்து உலக உணவுத் திட்டம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் 4,500 வங்காளதேச டாக்கா கைப்பேசி வழியாக அனுப்பியது. வெள்ளம் உச்சத்தை எட்டும் முன்பே பலருக்குத் தொகை கிடைத்தது. பின்னர் நடந்த ஆய்வில், பணம் பெற்ற குடும்பங்களில் வெள்ளத்தின்போது ஒரு நாள் முழுவதும் உண்ணாமல் இருக்க நேர்ந்த வாய்ப்பு, பெறாத குடும்பங்களைவிட 36 சதவீதம் குறைவாக இருந்தது தெரிந்தது. தொகை பெரிதன்று, ஆனால் கால்நடையை மேட்டுக்கு ஓட்டிச் செல்லவும் உணவைச் சேர்த்துவைக்கவும் தேவையான நேரத்தில் அது கையில் இருந்தது.

இவ்வளவுக்கும் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி கடைசியில் கேட்கப்படுவது வழக்கம். முதலில் கேட்கப்பட வேண்டியது அதுதான். பதிவேடும் கணக்கும் தயாராக இருந்து, கருவூலத்தில் ஒதுக்கீடு இல்லாவிட்டால் எல்லாம் காத்திருக்கும். அடிக்கடி வரும் சிறிய பாதிப்புகளுக்கு, எதிர்பாராச் செலவுகளுக்கென அரசு ஒதுக்கிவைக்கும் தற்செயல் நிதி போதும். அரிதாக வரும் பெரிய பாதிப்புகளுக்கு முன்கூட்டியே ஒப்புக்கொள்ளப்பட்ட கடனோ காப்பீடோ வேண்டும். 2007-இல் தொடங்கிய கரீபியப் பேரிடர்க் காப்பீட்டு நிதியம், 2017-இல் மரியா புயல் டொமினிக்கா தீவைச் சூறையாடியபோது, இரண்டு வாரங்களுக்குள் அந்நாட்டு அரசுக்கு 1.9 கோடி டாலருக்கு மேல் கொடுத்தது. காற்றின் வேகம் போன்ற அளவீடுகளிலிருந்து ஒரு மாதிரி கணிக்கும் இழப்பு குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினாலே தொகை வந்துவிடும் என்பதால், சேதக் கணக்கெடுப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

இந்தக் காப்பீட்டில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. மலாவி அரசு ஆப்பிரிக்க இடர்க் காப்பீட்டு நிறுவனத்திடம் வறட்சிக் காப்பீடு எடுத்திருந்தது. 2015-16 பருவத்தில் கடும் வறட்சி வந்து லட்சக்கணக்கானோர் உணவின்றித் தவித்தபோதும், கணிப்பு மாதிரி இழப்பீடு கொடுக்குமளவுக்குப் பாதிப்பு இல்லை என்றே காட்டியது. நேரில் ஆராய்ந்தபோது காரணம் தெரிந்தது: மாதிரியில் நீண்டகாலச் சோள வகை பயிரிடப்படுவதாக எழுதப்பட்டிருந்தது, விவசாயிகளோ குறுகியகால வகைக்கு மாறியிருந்தார்கள். மழை பொய்த்த வாரங்கள் அந்தக் குறுகியகாலப் பயிரைத்தான் சரியாகத் தாக்கியிருந்தன. திருத்திய பிறகு 81 லட்சம் டாலர் கிடைத்தது; அதற்குள் பல மாதங்கள் கடந்திருந்தன. குறியீட்டை மட்டும் நம்பாமல், தரையிலிருந்து வரும் தகவல் அதை மறுத்தால் என்ன செய்வது என்பதையும் விதியிலேயே எழுதிவைக்க வேண்டியதன் தேவை இங்கே தெரிகிறது.

பணம் பொருத்தமில்லாத நேரங்களும் உண்டு. சாலைகள் துண்டிக்கப்பட்டுக் கடைகள் காலியாக இருக்கும் முதல் நாட்களில் உணவும் குடிநீரும் கூடாரமும்தான் உயிர் காக்கும். மின்சாரமும் கோபுரங்களும் விழுந்துவிட்டால் கைப்பேசிப் பணம் எண்ணாகவே நிற்கும். ஏடிஎம் இயந்திரம் திறக்காது. ஆகவே மாற்று வழியாக ரொக்கத்தை நேரில் கொடுக்கும் ஏற்பாடும் திட்டத்தில் இருக்க வேண்டும். அப்படிக் கொடுக்கும் இடங்களில் முகவர்கள் தமக்கென ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது தனி வேலை. எவ்வளவு தொகை வர வேண்டும் என்பதைப் பயனாளி முன்கூட்டியே அறிந்திருப்பதுதான் அதற்கான முதல் பாதுகாப்பு. இன்னொன்றையும் மறக்கக் கூடாது. அவசர உதவியை நடத்துவதற்காக வழக்கமான மாதத் தொகை தாமதமானால், அதை நம்பியே வாழும் முதியவர் பேரிடரால் இல்லாவிட்டாலும் நிவாரணத்தால் பட்டினி கிடப்பார். சில நூறு ஊழியர்களோடு தள்ளாடும் திட்டத்தின் மேல் இரு மடங்கு வேலையை ஏற்றினால் இரண்டுமே கெடும்.

இந்தக் கட்டமைப்பு எட்டாத மக்கள் இன்றும் மிக அதிகம். உலக மக்களில் 52.4 சதவீதத்தினருக்குத்தான் ஏதேனும் ஒரு சமூகப் பாதுகாப்பு உதவியாவது கிடைக்கிறது என்கிறது பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2024-ஆம் ஆண்டு அறிக்கை. பருவநிலை மாற்றத்தால் மிக எளிதில் பாதிக்கப்படக்கூடிய 20 நாடுகளில் 91.3 சதவீத மக்களுக்கு அது இல்லை. பேரிடர் அதிகம் வரும் இடமும், அதைத் தாங்க வேண்டிய அமைப்பு இல்லாத இடமும் ஒன்றாகவே இருக்கின்றன.

அத்தகைய நாடுகளில் வரிசை தலைகீழாக, அதாவது அவசர உதவியிலிருந்தே நிரந்தரத் திட்டம் பிறப்பதாக, நடந்திருப்பதும் உண்டு. எத்தியோப்பியா ஆண்டுதோறும் அவசர உணவு உதவி கேட்டு வேண்டுகோள் விடுத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு ஆண்டும் அதே மாவட்டங்கள், பெரும்பாலும் அதே குடும்பங்கள். ஒவ்வொரு ஆண்டும் வரப்போவது உறுதி என்றால் அதை அவசரம் என்று அழைப்பதில் பொருளில்லை என்று உணர்ந்து, 2005-இல் அந்த உதவியையே முன்னரே அறிவிக்கப்பட்ட நிரந்தரத் திட்டமாக மாற்றினார்கள். சோமாலியாவில் 2020-இல் தொடங்கிய பக்ஸ்னானோ என்னும் பாதுகாப்புத் திட்டத்தின் பாதையில்தான் அதே ஆண்டு வெட்டுக்கிளிப் படையெடுப்பால் பயிரும் மேய்ச்சலும் இழந்த குடும்பங்களுக்கும் கைப்பேசி வழியாகப் பணம் போனது. பதிவு செய்யும் பணியை உலக உணவுத் திட்டம்தான் செய்தது. ஆனால் பெயர்கள் அரசின் அமைச்சகத்துக்கு உரிய தேசியப் பதிவேட்டில் சேர வேண்டும் என்பதே திட்டத்தின் நோக்கம். உதவி நிறுவனங்கள் ஒவ்வொரு பேரிடரிலும் தயாரிக்கும் பட்டியல்கள், நிதி தீர்ந்ததும் அந்தந்த அலுவலகக் கணிப்பொறிகளிலேயே தங்கிவிடுவது நெடுங்கால வழக்கம். நிவாரணத்துக்கு நிதி தருவோர் முதல் நாளிலேயே கேட்க வேண்டிய கேள்வி, இந்தப் பட்டியல் மக்களின் ஒப்புதலோடும் உரிய பாதுகாப்போடும் பிறகு யாரிடம் ஒப்படைக்கப்படும், அடுத்த ஆண்டு அதைப் புதுப்பிக்கும் செலவு யாருடையது என்பதாகும்.